முட்டி வலிக்குப் போனால் கனவைக் கேட்கிறார் சின்சே: சீன மருத்துவம் காட்டும் உள்முகப் பாதை

பட்டணத்துச் சீன மருந்துக்கடைக்குள் காலை வைத்ததும் முதலில் வருவது வாசனைதான். காய்ந்த வேர், மரப்பட்டை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் கலந்த நெடி. சுவர் முழுக்கச் சிறு சிறு மர இழுப்பறைகள். மேசைக்குப் பின்னால் சின்சே. எதிரே, முட்டி வலி என்று மகளோடு வந்திருக்கும் தோட்டத்துப் பாட்டி. சின்சே பாட்டியின் மணிக்கட்டைச் சிறு தலையணைமேல் வைத்து, மூன்று விரல்களால் நாடி பிடிக்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். பிறகு பாசார் மலாயில் கேள்விகள் தொடங்குகின்றன. இரவில் தூக்கம் எப்படி? நடுச்சாமத்தில் விழிப்பு வருமா? தண்ணீர் சூடாகக் குடிக்கப் பிடிக்குமா, குளிர்ச்சியாகவா? வியர்வை எங்கே அதிகம்? கனவு வருமா? சட்டென்று பயம் வருமா?

"முட்டி வலின்னு வந்தா, இவரு என்னா கனவைக் கேக்குறாரு?" என்று பாட்டி மகளிடம் முணுமுணுக்கிறார்.

இந்த நாட்டில் சின்சேயிடம் போய் வந்த நம்மவர்கள் பலருக்கும் இந்தக் காட்சி பழக்கமானதுதான். மூலிகைப் பொட்டலத்தோடும் கசப்புக் கஷாயத்தோடும் அது முடிந்துவிடும். அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சீன மருத்துவத்தின் ஆழமான பகுதி அங்கேதான் இருக்கிறது. நோயைத் தீர்ப்பது அதன் ஒரு பாதி. மனிதன் தன்னைத் தானே கவனிக்கப் பழகுவது மறு பாதி. சீனர்கள் இதை 'யாங் ஷெங்' என்கிறார்கள். உயிரைப் பேணி வளர்ப்பது என்று பொருள் சொல்லலாம்.

நம் ஊரில் இதன் வேர்

சீன மருத்துவம் இங்கே வந்தது சுரங்கத் தொழிலாளர்களோடு. பேராக்கின் கோப்பெங்கில் 1879-இல் யூ கோங் என்பவர் திறந்த மருந்துக்கடைதான் பிறகு யூ யான் சாங் என்று வளர்ந்தது. ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த கூலிகள் உடல் வலிக்கு அபினை நாடிய காலம் அது. கோலாலம்பூரில் கப்பித்தான் யாப் குவான் செங் 1881-இல் தொடங்கிய மருந்தகம்தான் இன்றைய துங் ஷின் மருத்துவமனையின் தொடக்கம். சிங்கப்பூரில் 1867-இல் தோன்றிய தோங் சாய் மருத்துவ நிலையம் இன, மத பேதமின்றி இலவசமாக மருந்து கொடுப்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. நம்மவர்கள் அன்றாடம் நடக்கும் சிராங்கூன் சாலையில்தான் 1910-இல் குவோங் வாய் ஷியூ மருத்துவமனை எழுந்தது.

ஆகவே இது நமக்கு அந்நியமான சங்கதி அல்ல. டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்று சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே குரலில் சொல்லும் நாடு இது.

கனவை ஏன் கேட்டார்?

சீன மருத்துவத்தின் ஆதிநூல் 'ஹுவாங்தி நெய்ஜிங்'. மஞ்சள் பேரரசரின் உள்நூல் என்று தமிழில் சொல்லலாம். இன்றைக்கு 2,000 ஆண்டுகளுக்கு முன்பு தொகுக்கப்பட்டது. பேரரசர் கேள்வி கேட்க, சி போ என்ற மருத்துவர் பதில் சொல்வதாகவே நூலின் பெரும்பகுதி அமைந்திருக்கிறது. சுவாரசியம் என்னவென்றால், அதன் முதல் அத்தியாயம் எந்த நோயைப் பற்றியும் பேசவில்லை. முன்னோர் நூறு வயது வாழ்ந்தார்களே, இப்போது ஐம்பதிலேயே தளர்ந்துவிடுகிறார்களே, ஏன் என்ற கேள்வியோடு தொடங்குகிறது. குடி, தூக்கம், ஆசை, அளவு தெரியாத உழைப்பு என்று பதில் விரிகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குறை, நேற்றுத்தான் எழுதியதுபோல் இருக்கிறது.

இந்த மருத்துவம் மனிதனுக்குள் மூன்று செல்வங்கள் இருப்பதாகச் சொல்கிறது. முதலாவது 'ஜிங்', பெற்றோரிடமிருந்து வரும் உயிர்ச்சாரம். இரண்டாவது 'சி', உடலுக்குள் ஓடும் உயிர்விசை. நம் பிராணனை நினைத்துக்கொண்டால் ஏறக்குறையப் புரிந்துவிடும். மூன்றாவது 'ஷென்', கண்ணில் ஒளியாகத் தெரியும் உணர்வு, சித்தம். ஷென் குடியிருப்பது இதயத்தில். மற்ற உறுப்புகளிலும் மனத்தின் ஒவ்வொரு பகுதி குடியிருக்கிறது. கல்லீரலில் 'ஹுன்' என்ற ஆன்மப் பகுதி. இரவில் அது தன் வீட்டில் அடங்கினால் நல்ல தூக்கம். அடங்காமல் அலைந்தால் கனவுக் கூட்டம். சிறுநீரகத்தில் மன உறுதி. அந்தச் சிறுநீரகமே எலும்புக்கும் பொறுப்பு, பயத்துக்கும் பொறுப்பு.

பாட்டியின் முட்டியைப் பார்த்துவிட்டுச் சின்சே பயத்தையும் கனவையும் கேட்டது இதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சீன மருத்துவம் சொல்லும் 'கல்லீரல்' மருத்துவமனை ஸ்கேனில் தெரியும் கல்லீரல் அல்ல. அது ஒரு செயல் தொகுதிக்கு இட்ட பெயர். "கல்லீரலில் கோளாறு" என்று சின்சே சொன்னதும் மஞ்சள் காமாலை வந்துவிட்டதென்று அலறி ஓடியவர்கள் உண்டு.

ஐந்து உணர்ச்சிகள்

கோபம் கல்லீரலையும், மிதமிஞ்சிய மகிழ்ச்சி இதயத்தையும், தீராத யோசனை மண்ணீரலையும், துக்கம் நுரையீரலையும், பயம் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பது இந்த மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். கோபத்தில் சி மேலே ஏறும். பயத்தில் கீழே இறங்கும். துக்கத்தில் கரைந்துபோகும். ஓயாத யோசனையில் முடிச்சு விழும்.

இதைப் படிக்கும் தமிழருக்குப் புதிதாக ஒன்றும் தோன்றாது. கோபம் தலைக்கேறியது என்கிறோம். பயத்தில் வயிற்றைக் கலக்கியது என்கிறோம். துக்கம் நெஞ்சை அடைத்தது, ஈரக்குலை நடுங்கியது, குலை பதறியது என்றெல்லாம் நம் பாட்டிமார் பேசினார்கள். உணர்ச்சி உடம்பில் எங்கே இறங்குகிறது என்று தமிழ்ப் பேச்சு எப்போதோ குறித்து வைத்துவிட்டது. சீன மருத்துவம் அதை ஒரு சாஸ்திரமாகக் கட்டியது என்பதுதான் வேறுபாடு.

உணர்ச்சியை வைத்தே வைத்தியம் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஜாங் சோங்செங் என்பவர் 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த பெயர்பெற்ற மருத்துவர். அவரைப் பற்றிய மருத்துவக் குறிப்பு ஒன்று இன்றும் சொல்லப்படுகிறது. பணக்கார வீட்டுப் பெண் ஒருவர் யோசித்து யோசித்தே இரண்டு வருடமாகத் தூங்கவில்லை. எந்த மருந்தும் எடுபடவில்லை. ஜாங் வந்தார், நாடி பார்த்தார். பிறகு கணவரைத் தனியே அழைத்து ஒரு திட்டம் போட்டார். நிறையப் பணம் வாங்கிக்கொண்டு, அந்த வீட்டிலேயே சில நாள் உட்கார்ந்து மது குடித்தார். கடைசியில் ஒரு மருந்துகூட எழுதித் தராமல் எழுந்து போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு வந்ததே கோபம்! உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. அன்று இரவே தூங்கிப்போனார். பல நாள் விடாமல் தூங்கினார் என்கிறது குறிப்பு.

யோசனையின் முடிச்சைக் கோபத்தால் அவிழ்த்தார் என்பது இதற்கான விளக்கம். இன்றைக்கு எந்தச் சின்சேயாவது இப்படிச் செய்தால் போலீஸ் புகார்தான் மிஞ்சும். ஆனாலும் கதையில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் நோய் என்னவென்று அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்: தூக்கமின்மை. அந்தத் தூக்கமின்மைக்குள் என்ன இருந்தது என்று பார்த்தவர் ஒருவர்தான்.

சின்சேயின் கேள்விகளுக்கும் இதே வேலைதான். மிங் காலத்து மருத்துவர் ஜாங் ஜிங்யுவே நோயாளியிடம் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளைத் தொகுத்தார். குளிரா, சூடா, வியர்வை எப்படி, தலையும் உடம்பும் எப்படி, மலம், சிறுநீர், சாப்பாடு, நெஞ்சு, காது, தாகம் என்று அது போகிறது. மாணவர்கள் இன்றும் அதைப் பாட்டாக மனப்பாடம் செய்கிறார்கள். விடியற்காலை எழுந்து பால்மரம் வெட்டியவருக்கும், இப்போது தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் அவர் பேரனுக்கும் இக்கேள்விகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முக்கியமாக, அவர்களே தங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். எந்த நேரத்தில் சோர்வு வருகிறது? யாரோடு பேசிய பிறகு தோள் இறுகுகிறது? எந்தக் கவலை வந்தால் சாப்பாடு இறங்குவதில்லை? ஒரு வாரம் இதைக் குறித்து வைத்தாலே தன்னைப் பற்றித் தெரியாத ஏதோ ஒன்று வெளியே வந்துவிடும்.

மருத்துவரே முதல் சாதகர்

நோயாளி மட்டும் தன்னைக் கவனித்தால் போதாது என்றவர் சுன் சிமியாவ். தாங் காலத்தவர். 682-இல் மறைந்தார். நூறு வயது வாழ்ந்ததாக மரபு சொல்கிறது. 652-ஆம் ஆண்டையொட்டி முடித்த பெரிய மருத்துவ நூலின் தொடக்கத்தில், மருத்துவர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பகுதியையே ஒதுக்கினார். நோயாளியைத் தொடும் முன் மருத்துவர் தன் மனத்தை அமைதிப்படுத்த வேண்டும். ஆசை இருக்கக் கூடாது. ஏழையா பணக்காரரா, நண்பரா பகைவரா, சீனரா வேற்று நாட்டவரா என்று பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். இன்று அவரை மருந்தின் அரசர் என்று கோயிலில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

மருத்துவர் தெய்வமாவது சீனர்களிடம் அரிதல்ல. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் தியான் ஹோக் கெங் கோயிலில் இருக்கும் பாவோ ஷெங் தா தி, சொங் காலத்தில் ஃபூஜியானில் வாழ்ந்த வைத்தியர்தான். அதே தெருவில் சில அடி தூரத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா நிற்கிறது. நோய் தீர வேண்டி நாகூராரை நினைத்தவர்களும், வைத்தியச் சாமியை நினைத்தவர்களும் ஒரே கடற்கரையில் இறங்கியவர்கள்.

உலோகம் குடித்த பேரரசர்கள்

இந்தப் பாதை எப்போதும் நேராகப் போகவில்லை. சாகா வரம் தேடிய தாவோ ரசவாதிகள் பாதரசத்தையும் சாதிலிங்கத்தையும் காய்ச்சி அமுதம் செய்தார்கள். அதைக் குடித்துத் தாங் பேரரசர்கள் சிலரே மாண்டார்கள். மெல்ல மெல்ல ஒரு திருப்பம் வந்தது. உலைக்களம் வெளியே இல்லை, உடம்புக்குள் இருக்கிறது. கவனமே நெருப்பு, மூச்சே துருத்தி என்று அகரசவாதம் பேசத் தொடங்கினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் மாபெரும் மூலிகை நூலை எழுதிய லி ஷிசென், உடலின் எட்டுச் சிறப்பு நாடிகளைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். உள்ளே ஓடும் அந்தப் பாதைகளைப் பார்வையை உள்ளே திருப்பியவரால்தான் காண முடியும் என்பது அவர் கருத்து. மூலிகைகளை ஊர் ஊராகப் போய்ச் சோதித்துப் பார்த்த மனிதர் இப்படிச் சொன்னது கவனிக்கத்தக்கது.

சித்தர் மரபு தெரிந்தவர்களுக்கு இங்கே போகர் நினைவுக்கு வருவார். அவர் சீனாவிலிருந்து வந்தார் என்றும், சீனாவுக்குப் போய் வந்தார் என்றும் இரு விதமாக மரபு பேசுகிறது. பழனி முருகனின் நவபாஷாணச் சிலையை அவரோடு சேர்த்துத்தான் பக்தர்கள் நினைக்கிறார்கள். இது ஐதீகம், வரலாற்று ஆவணம் அல்ல. ஆனால் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பது, ரசவாதம், மூச்சை வைத்து உள்ளே போவது என்று இரண்டு மரபுக்கும் உள்ள ஒற்றுமையை மறுக்க முடியாது. சித்த வைத்தியர் அந்த மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்க்கிறார். சீன மருத்துவர் ஒவ்வொரு கையிலும் மூன்று இடங்களில் வெவ்வேறு உறுப்புகளைப் பார்க்கிறார்.

காலைப் பூங்காவில்

கருத்தெல்லாம் சரி, செய்வது எப்படி? பதில் பூங்காவில் இருக்கிறது. விடிந்ததும் மெதுவாகக் கைகளை அசைத்துக்கொண்டு நிற்கும் சீன முதியவர்களைப் பார்க்காதவர் இல்லை. தைச்சியாக இருக்கலாம், சிகோங்காக இருக்கலாம். சீனாவின் சாங்ஷா நகரில் மாவாங்துய் கல்லறையை 1973-இல் தோண்டியபோது பட்டுத் துணியில் வரைந்த ஓவியம் ஒன்று கிடைத்தது. அதில் 44 மனித உருவங்கள் வளைந்தும் நீட்டியும் பயிற்சி செய்கின்றன. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168-இல். அத்தனை பழையது இந்தப் பழக்கம்.

தொடங்குபவர்களுக்கு ஏற்றது 'பா துவான் ஜின்'. மொத்தம் எட்டே அசைவுகள். முதல் அசைவில் இரு கைகளையும் கோத்து வானத்தைத் தாங்குவதுபோல் மேலே தூக்க வேண்டும். பார்க்க எளிது. செய்யும்போதுதான் தெரியும், கை மேலே போகும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறோம், பல்லைக் கடிக்கிறோம், தோள் காதுவரை ஏறிவிடுகிறது என்பது. யாரும் அவசரப்படுத்தவில்லை, ஆனாலும் உடம்பு அவசரப்படுகிறது. பயிற்சியின் பயனே இங்கேதான். மூச்சைத் தொப்புளுக்குக் கீழே இறக்கு என்று ஆசிரியர் சொல்வார். முதல் வாரம் நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் தெரியும். அன்று மாலை வேலையிடத்தில் மேலதிகாரி கத்தும்போது சி மேலே ஏறுவதும் தெரியும். ஏறுவது தெரிந்தவருக்கு வாயைத் திறப்பதற்கு முன் ஒரு நொடி கிடைக்கிறது. அந்த ஒரு நொடியைத்தான் இவ்வளவு சுற்றிச் சுற்றிப் பேசுகிறது இந்த மரபு.

இதைச் செய்தால் மதம் மாறியதாகுமா என்று சிலர் தயங்குவதுண்டு. வேரில் தாவோ, பௌத்தச் சிந்தனை இருப்பது உண்மை. பெரும்பாலான பூங்காக் குழுக்களில் சாமியும் இல்லை, மந்திரமும் இல்லை. சில குழுக்கள் வழிபாட்டோடு சேர்த்துக் கற்பிக்கின்றன. சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வதில் குற்றமில்லை. தைப்பூசத்துக்குச் சீனர்கள் பால்குடம் எடுக்கும் நாட்டில் இது பெரிய சிக்கலாகத் தோன்றவில்லை.

எங்கே நிறுத்த வேண்டும்

தைச்சி முதியவர்கள் கீழே விழுவதைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலிக்கு அக்குபங்சர் ஓரளவு உதவுவதாகவும் ஆய்வுகள் உண்டு. மலேசியாவில் 2007 முதல் சில அரசாங்க மருத்துவமனைகளிலேயே அக்குபங்சர் பிரிவு உண்டு. பழைய நூலிலிருந்து வந்த பெரும் பரிசு மலேரியா மருந்து. சாகா வரம் தேடிய கெ ஹோங் 4-ஆம் நூற்றாண்டில் எழுதிய அவசர வைத்தியக் குறிப்பு ஒன்றுதான் தூ யூயூவுக்கு வழிகாட்டியது. அவர் கண்டுபிடித்த ஆர்ட்டிமிசினினுக்கு 2015-இல் நோபெல் பரிசு கிடைத்தது. மலேரியாவில் கொத்துக் கொத்தாக மடிந்த தோட்ட மக்களின் வாரிசுகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் சி ஓடும் நாடிகளுக்கு உடற்கூறில் இதுவரை தடம் எதுவும் கிடைக்கவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆபத்து வருவது மரபிலிருந்து அல்ல, அதன் பெயரால் கடை விரிப்பவர்களிடமிருந்து. "இன்சுலினை நிறுத்து, சி சரியானால் சர்க்கரை தானே இறங்கும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிட வேண்டும். இந்நாட்டு இந்தியர்களிடையே நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பதும், அது எப்படி டயாலிசிஸ் வரை கொண்டுபோய் விடும் என்பதும் நம் வீடுகளுக்குத் தெரியும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தான் ஷென், தாங் குய் போன்ற மூலிகைகளைத் தாமாகச் சாப்பிடுவது இரத்தக் கசிவில் முடியலாம். அரிஸ்டோலோக்கியா இனச் செடிகள் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். 1990-களில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மாத்திரையில் அது கலந்து, பல பெண்கள் சிறுநீரகத்தை இழந்தார்கள். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டமும், சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் மருத்துவர்களின் பதிவுக்காகவே வந்தவை. பதிவுச் சான்றிதழைப் பார்க்கக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இன்னொரு ஆபத்து நுட்பமானது. "உன் கோபத்தால்தான் உனக்கு இந்த நோய்" என்று புற்றுநோயாளியைப் பார்த்துச் சொல்வது. ஐந்து உணர்ச்சிப் பாடத்தை அரைகுறையாகக் கேட்ட உறவினர்கள் இதை அக்கறை என்று நினைத்துச் சொல்கிறார்கள். படுக்கையில் கிடப்பவருக்கு நோயோடு பழியும் சேர்கிறது. பழைய மருத்துவர்கள் உணர்ச்சியைக் காரணங்களில் ஒன்றாகத்தான் வைத்தார்கள். காற்று, குளிர், ஈரம், உணவு, உழைப்பு, விபத்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கேள்விகள் நோயாளி தன்னை அறிந்துகொள்வதற்கு. அடுத்தவர் தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல.

முதல் முறை சின்சேயிடம் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. நம் வீடுகளில் காலையில் பல் துலக்கியதும் நாக்கை வழிப்பது வழக்கம். அன்று ஒரு நாள் மட்டும் வழிக்க வேண்டாம். கோப்பியும் குடிக்க வேண்டாம், நாக்கில் கறை ஏறிவிடும். கிளம்பும் முன் ஜன்னலோர வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்து நாக்கை நீட்டிப் பார்க்கலாம். ஓரங்களில் பல் பதிந்த தடம் இருக்கிறதா, நடுவில் வெடிப்பு இருக்கிறதா, படிவு வெள்ளையா மஞ்சளா? சின்சே பார்க்கப் போவதும் இதைத்தான்.